இரண்டு அங்குல மெத்தை

1990இல் படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவு முடித்து, சென்னைக்கு இரவு ரயில் பிடித்த எங்களில் பலருக்கு அந்த இரண்டாம் வகுப்புப் படுக்கை நினைவிருக்கும். றெக்சின் உறை போட்ட மெல்லிய மெத்தை. ஷெல் சத்தம் இல்லாமல் நாங்கள் முதுகு சாய்த்த முதல் இரவுகளில் ஒன்று அது. ஆக்லாந்தில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு ரயிலில் படுத்துப் போவதே புதுக்கதை. இங்கிருந்து வெலிங்டனுக்கு ஓடிய சில்வர் ஸ்டார் என்ற படுக்கை வண்டி 1979இலேயே நின்றுவிட்டது.

அந்த மெத்தையைப் போட வைத்தவர் மது தண்டவதே. அகமதுநகரில் 1924 ஜனவரி 21இல் பிறந்தவர், பம்பாய் சித்தார்த்தா கல்லூரியில் இயற்பியல் படிப்பித்தவர், சோசலிஸ்ட். 1971 முதல் ராஜாபூர் தொகுதி அவரை ஐந்து தடவை நாடாளுமன்றம் அனுப்பியது. 1975 அவசரநிலையில் அவர் பெங்களூர்ச் சிறையில். மனைவி பிரமிளா புனேயின் எரவாடாச் சிறையில். அந்தக் காலம் முழுவதும் இருவரும் கடிதங்களில்தான் குடும்பம் நடத்தினார்கள். எங்கள் வீடுகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1977 மார்ச்சில் ஜனதா அரசு வந்தது, தண்டவதே ரயில்வே அமைச்சரானார். 1974 வேலைநிறுத்தத்தில் வேலை பறிபோன ஊழியர்களைத் திரும்ப எடுத்தார். அடுத்தது பலகை. இந்திய ரயில்வே 1974இலேயே மூன்றாம் வகுப்பை ஒழித்துவிட்டதாகச் சொன்னது. கணக்காளர் பாஷையில் சொன்னால், பேரேட்டில் தலைப்பை மாற்றினார்கள், அவ்வளவுதான். பெட்டி பழையது, படுக்கை வெறும் மரம். பம்பாயிலிருந்து கல்கத்தாவுக்கு ஒன்றரை நாள் அதில்தான் கிடக்க வேண்டும். ஒரு காலத்தில் அமெரிக்காவில் குடியேறிகளுக்கென ஓடிய மலிவுப் படுக்கைப் பெட்டிகளும் இப்படித்தான். மெத்தையை ஏழைப் பயணியே கொண்டுவர வேண்டும்.

தண்டவதே அந்தப் பலகைமேல் இரண்டு அங்குலத் தடிப்பில் ஃபோம் போடச் சொன்னார். முதல் வகுப்பைக் கீழே இறக்க அவர் நினைக்கவில்லை. இரண்டாம் வகுப்பை உயர்த்த நினைத்தார். 1977 டிசம்பர் 26இல் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடையே தொடங்கிய கீதாஞ்சலி எக்ஸ்பிரஸில் வகுப்புப் பிரிவே இல்லை. எண்பதுகள் முடிவதற்குள் மெத்தை அநேகமாக எல்லா வண்டிகளுக்கும் வந்துவிட்டது. நாங்கள் ஏறியபோது அது எங்களுக்காகக் காத்திருந்தது போல இருந்தது.

செலவு என்றால் வரவு எங்கே என்று கேட்பது எங்கள் தொழில். பயணி எப்படியும் ஏறுவான், பலகையானாலும் ஏறுவான். இதில் வரவு காட்டுவது கடினம். அந்தக் கோப்பு எங்கள் மேசைக்கு வந்திருந்தால் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பியிருப்போம். உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்.

1979இல் அரசு கவிழ்ந்தது, பதவியும் போனது. 1989இல் வி.பி. சிங் அமைச்சரவையில் நிதியமைச்சராக ஓராண்டளவு இருந்தார். 2001இல் பிரமிளா காலமானார். 2005 நவம்பர் 12இல் மும்பையில் தண்டவதேயும் கண்மூடினார். அவர் விருப்பப்படி உடல் ஜே.ஜே. மருத்துவமனைக்குக் கொடுக்கப்பட்டது.