நோயின் வேரைத் தேடிய மருத்துவர் தி. சே. சௌ. ராஜன்

1930ஆம் ஆண்டு சித்திரைத் தொடக்கத்தில் திருக்காட்டுப்பள்ளி வழியாகத் தொண்டர் படையொன்று நடந்து சென்றது. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் அவ்வூரைக் கடந்து, திருவையாறு, தஞ்சாவூர், கும்பகோணம் என நெல் விளையும் ஊர்களினூடே வேதாரணியம் நோக்கிச் சென்ற உப்புச் சத்தியாக்கிரகப் படை அது. தொண்டர்களுக்கு உணவும் இடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன் அறிவித்திருந்தார். எனினும் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டி வைத்து மக்கள் அறம் காத்தனர்.

இராஜாஜி தலைமையேற்ற அப்படை ஏப்ரல் 13ஆம் நாள் புறப்பட்ட இடம் திருச்சிராப்பள்ளியில் ஓர் அறுவை மருத்துவரின் இல்லம். வருவாயும் மதிப்பும் நிறைந்த தொழிலில் இருந்துகொண்டே, அரசின் சினத்திற்கு அஞ்சாமல் தம் வீட்டு வாயிலைத் திறந்து வைத்த அவர் டாக்டர் தி. சே. சௌ. ராஜன்.

1880ஆம் ஆண்டு திருவரங்கத்தில் வைணவ அந்தணர் குடும்பமொன்றில் பிறந்த ராஜன், சென்னை இராயபுரம் மருத்துவப் பள்ளியில் பயின்று, பர்மாவில் சில காலம் மருத்துவப் பணியாற்றினார். மேற்படிப்பை நாடி இங்கிலாந்து சென்று, எம்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றார். இலண்டனில் இந்தியா ஹவுஸில் வ. வே. சு. ஐயரும் சாவர்க்கரும் அவருக்கு நண்பர்களாயினர்.

1909ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் வாழ் இந்தியர் விசயதசமி விருந்தொன்றை நடத்தினர். தலைமை தாங்க இசைந்த காந்தியடிகள், உணவு மரக்கறி உணவாகவே இருத்தல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ராஜனும் ஐயரும் சமையலில் ஈடுபட்டிருந்தபோது, மெலிந்த உருவினர் ஒருவர் அமைதியாக வந்து காய்கறி நறுக்குவதிலும் பாத்திரம் துலக்குவதிலும் கைகொடுத்தார். அவரே அன்றைய விருந்தின் தலைவர் என்பது பின்னரே தெரிய வந்தது. எத்தொழிலும் இழிவன்று என்னும் பாடத்தை இளம் மருத்துவர் கண்ணால் கண்டு கற்ற நாள் அது.

தாயகம் திரும்பியவருக்குச் சொந்த ஊர் அளித்த வரவேற்பு இனியதாக இல்லை. கடல் கடந்தவர் என்று கூறித் திருவரங்கத்து வைதிகர்கள் அவரை விலக்கி வைத்தனர். பிறரைத் தீண்டாமல் ஒதுக்கும் வழக்கம் எத்துணைக் கொடியது என்பதை ஒதுக்கப்பட்ட நிலையிலிருந்தே அவர் உணர்ந்தார். திருச்சியில் மருத்துவமனை நிறுவிப் புகழ்பெற்ற பின்னரும் அவ்வுணர்வு மங்கவில்லை. ரௌலட் சட்ட எதிர்ப்பு முதல் உப்பு அறப்போர் வரை காங்கிரஸ் இயக்கத்தில் உழைத்துச் சிறை சென்றார். பின்னர் அரிசன சேவா சங்கப் பணியிலும் முன்னின்றார்.

1937ஆம் ஆண்டு இராஜாஜி அமைத்த சென்னை மாகாண அமைச்சரவையில் பொதுச் சுகாதாரமும் அறநிலையமும் ராஜனிடம் ஒப்படைக்கப்பட்டன. அறுவை மேசையில் ஒரு நேரத்தில் ஓர் உயிரைத்தான் காக்க இயலும். ஆனால் வாய்க்கால் நீரே குளிக்கவும் துவைக்கவும் குடிக்கவும் பயன்பட்ட டெல்டா ஊர்களில் காலரா புகுந்தால், ஒரு தெருவே அழுகுரலில் மூழ்கும். அந்நோய்க்குக் கத்தி மருந்தன்று. தூய நீரும் ஒழுங்கான கழிவு நீக்கமுமே மருந்து.

அவ்வமைச்சரவையின் காலத்தில் இயற்றப்பட்ட 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், இந்திய மாகாணங்களிலேயே இத்துறை முழுவதையும் தழுவிய முதற் சட்டமாகப் போற்றப்படுகிறது. குடிநீர், சாக்கடை, தொற்றுநோய்த் தடுப்பு, தாய்சேய் நலம், கொசு ஒழிப்பு, உணவுக் கட்டுப்பாடு ஆகிய யாவும் அதில் இடம்பெற்றன. மக்கள் பெருந்திரளாகக் கூடும் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அதிகாரமே வகுக்கப்பட்டது. நல்ல நோக்கம் பணமின்றி நிறைவேறாது என்பதால், அரசு மானியம் நீங்கலான தம் வருவாயில் நகராட்சிகள் 30 விழுக்காட்டுக்குக் குறையாமலும், பிற உள்ளாட்சிகள் 12½ விழுக்காட்டுக்குக் குறையாமலும் பொதுச் சுகாதாரத்திற்கென ஒதுக்கவேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது.

அதே ஆண்டு சூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தது. அதற்குப் பாதுகாப்பளிக்கும் சட்டத்தை அமைச்சரவை கொணர்ந்தபோது அறநிலையப் பொறுப்பில் இருந்தவர் ராஜனே. சொந்த ஊராரால் விலக்கப்பட்டவர், விலக்கப்பட்டோர்க்குக் கோயிற் கதவு திறந்த அமைச்சரவையில் அமர்ந்திருந்தார். அவ்வாண்டு அக்டோபரில் போரை முன்னிட்டு அமைச்சரவை பதவி விலகிற்று. சட்டங்கள் நிலைத்தன. பின்னாளில் மீண்டும் மாகாண அமைச்சராக இருந்து ராஜன் தொண்டாற்றினார்.

பொதுப் பணிகளுக்கிடையே அவர் எழுதுகோலையும் கைவிடவில்லை. தம் வாழ்க்கையை நினைவு அலைகள் என்னும் நூலாகவும், நண்பரின் வாழ்க்கையை வ. வே. சு. ஐயர் என்னும் நூலாகவும் தமிழில் எழுதினார். ஆங்கில மருத்துவம் கற்றவர், எளிய மக்களின் மொழியில் தம் காலத்தைப் பதிவு செய்தது தமிழுக்கு வாய்த்த பேறு.

1953ஆம் ஆண்டு அவர் மறைந்தார். இன்று திருவிழாக் கூட்டங்களில் சுகாதார ஊழியர் குடிநீர்த் தொட்டியில் மருந்து கலப்பதையும், உணவுக் கடைகளைப் பார்வையிடுவதையும் காண்கிறோம். எல்லோர்க்கும் பழகிவிட்ட காட்சி அது. அதற்குச் சட்டத்தின் துணை தேடித் தந்தோருள் ஒருவர், உப்பெடுக்கச் சென்ற தொண்டர்க்குத் தம் வீட்டைத் தந்த அந்தத் திருச்சி மருத்துவர்.