குற்றாலச் சாரலில் செடி தேடிய கம்பெனி ராணுவ டாக்டர்... யார் இந்த ராபர்ட் வைட்?

ஜூன் மாதம் சாரல் தொடங்கினால் போதும், தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற கூட்டம் நேராகக் குற்றாலத்துக்குத்தான். மெயின் அருவிக்குப் போகும் வழியெல்லாம் மங்குஸ்தான், ரம்புட்டான் கடைகள். இரண்டுமே நம்ம ஊர்ப் பழம் கிடையாது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தவை.

வெளிநாட்டுச் செடிகளைக் குற்றாலத்தில் வளர்த்துப் பார்க்கும் பழக்கம் 200 ஆண்டுகளுக்கும் பழையது. அந்தக் கதையின் நடுவே வருகிறார் ஒரு ஸ்காட்லாந்து டாக்டர். பெயர் ராபர்ட் வைட்.

குற்றாலத்தை ஏன் பிடித்தார்கள்?

1796-ல் கிழக்கிந்திய கம்பெனி, டச்சுக்காரர்கள் வசமிருந்த மொலுக்கஸ் தீவுகளைக் கைப்பற்றியது. ஜாதிக்காய்க்கும் கிராம்புக்கும் அதுதான் தாயகம். தீவுகளை எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுக்க நேரிடலாம். அதற்குள் நாற்றுகளை எடுத்துத் தங்கள் இடங்களில் நட்டுவிட வேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு.

அதற்குத் தோதான இடங்களில் ஒன்று குற்றாலம். செங்கோட்டைப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கொஞ்சம் இடைவெளி விடுகிறது. கேரளாவில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையின் ஈரம் அந்த வழியாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. திருநெல்வேலி வெயிலில் காயும்போது இங்கே மட்டும் சாரல் அடிப்பது அதனால்தான். ஜாதிக்காய், கிராம்பு, லவங்கப்பட்டை என வாசனைப் பயிர்த் தோட்டங்கள் இங்கே உருவாகின.

வேலை போச்சு, ஆர்வம் போகல

வைட் பிறந்தது 1796-ல். எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு, 1819-ல் கம்பெனி ராணுவத்தில் உதவி சர்ஜனாக மெட்ராஸ் வந்தார். அந்தக் காலத்தில் மருந்து என்றால் பெரும்பாலும் செடி, கொடி, பட்டை. அதனால் மருத்துவம் படித்தவர்கள் தாவரவியலும் படித்தாக வேண்டும். பலருக்கு அது பாடம். வைட்டுக்கு அது வாழ்க்கை ஆகிவிட்டது.

1826-ல் மெட்ராஸ் அரசின் இயற்கை ஆய்வாளர் பதவி கிடைத்தது. தென்னிந்தியாவைச் சுற்றிச் செடிகளைச் சேகரித்தார். இரண்டே வருடம்தான். 1828-ல் அந்தப் பதவியையே அரசு ஒழித்தது. சேகரித்த தொகுப்பு லண்டனுக்குப் போனது. அவர் நாகப்பட்டினத்துக்கு டாக்டராகப் போனார்.

அங்கேயும் அவர் நிறுத்தவில்லை. கைக்காசைப் போட்டு ஆள் வைத்துச் செடி சேகரித்தார். 1831-ல் விடுப்பில் ஊருக்குப் போனபோது, காய வைத்த செடி மாதிரிகள் மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏறின. நண்பர் வாக்கர் ஆர்னாட்டுடன் சேர்ந்து அவற்றை வகைப்படுத்தி, 1834-ல் தென்னிந்தியத் தாவரங்கள் பற்றிய நூலின் முதல் பகுதியை வெளியிட்டார்.

சரி, குற்றாலம் எங்கே வருது?

திரும்பி வந்தவரின் ரெஜிமெண்ட் பெல்லாரியிலிருந்து பாளையங்கோட்டைக்கு மாற்றப்பட்டது. வழியெல்லாம் செடி பறித்துக்கொண்டே வந்தார். பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலம் சுமார் 60 கிலோமீட்டர். 1835, 1836 ஆண்டுகளில் அந்த மலைக்குப் போய்ச் சேகரித்தார். குற்றாலத்தின் தாவரங்கள் பற்றி மெட்ராஸில் வெளியான அறிவியல் இதழில் தனிக் கட்டுரையே எழுதினார்.

ஒரு பக்கம் வறண்ட சமவெளி, மறுபக்கம் ஈரமான காடு. சில மைல் தூரத்துக்குள் இரண்டு உலகத்துச் செடிகளும் கிடைக்கிற இடம் ஒரு தாவரவியலாளருக்குப் புதையல் மாதிரி.

பெயர் தெரியாமல் போகாத இரண்டு ஓவியர்கள்

வைட்டின் பெரிய சாதனை, 1838 முதல் 1853 வரை மெட்ராஸில் அவர் வெளியிட்ட ஆறு தொகுதிப் படநூல். 2,101 படங்கள். ஐரோப்பிய நூலகங்களைப் பார்க்க வாய்ப்பில்லாதவர்களும் வாங்கும்படி, வண்ணம் பூசாமல் கல்லச்சில் குறைந்த செலவில் அச்சிட்டார்.

அவரது நூல்களுக்கான படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. கம்பெனிக் காலத்து ஓவியர்கள் பலரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. வைட் இவர்கள் பெயரைப் படங்களில் அச்சிட்டார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார்.

பருத்தியில் விழுந்த அடி

1836-ல் அரசு அவரை ராணுவத்திலிருந்து வருவாய்த் துறைக்கு மாற்றியது. பருத்தி, புகையிலை, சென்னா எனப்படும் நிலவாகை ஆகிய பயிர்களைப் பற்றி அறிக்கை தருவதுதான் வேலை. 1842-ல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திச் சோதனைப் பண்ணைகளுக்குப் பொறுப்பேற்றார்.

அதன் பின்னால் இருந்தது இங்கிலாந்தின் தேவை. லங்காஷயர் மில்கள், அமெரிக்காவில் அடிமைகள் விளைவித்த பருத்தியை நம்பி ஓடின. மாற்று வேண்டும். அமெரிக்காவிலிருந்து விதையும் வந்தது, விளைவிக்கத் தெரிந்தவர்களும் வந்தார்கள். பதினோரு வருடம் வைட் போராடினார். வடகிழக்குப் பருவமழையைக் கணக்குப் போட்டு விதைத்தால் அமெரிக்கப் பருத்தி இங்கே விளையும் என்பதில் உறுதியாக இருந்தார்.

ஆனால் விவசாயிகள் பெரிய அளவில் அதற்கு மாறவில்லை. அறியாமைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நாட்டுப் பருத்தி வறட்சியைத் தாங்கும். மழை பொய்த்தாலும் ஏதோ கைக்கு வரும். பெரும்பாலான விவசாயிகள் முன்பணம் வாங்கித்தான் விதைத்தார்கள். விளைச்சல் வயலில் இருக்கும்போதே கடன் கொடுத்தவருக்குச் சொந்தம். நல்ல ரகம் விளைவித்தால் கூடுதல் விலை அவர்கள் கைக்கு வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அப்புறம் யார் ரிஸ்க் எடுப்பார்கள்?

1853-ல் வைட் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். பண்ணைச் சோதனைகளும் முடிவுக்கு வந்தன.

பண்ணையில் இல்லாத விடை

விதை இருந்தது, நாற்று இருந்தது, நிபுணர் இருந்தார். விவசாயிக்கு நியாயமான வட்டியில் கடன் மட்டும் இல்லை. அந்த ஓட்டையை அரசு கவனிக்க இன்னும் 40 வருடம் ஆனது. கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்த அதிகாரி ஃபிரெடரிக் நிக்கல்சன், 1895-லும் 1897-லும் வேளாண் வங்கிகள் பற்றி அறிக்கை தந்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் தொடங்கியது போன்ற கிராமக் கடன் சங்கங்கள் இங்கேயும் வேண்டும் என்றார். 1904-ல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. இன்று ஊருக்கு ஊர் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் ஆரம்பம் இது.

கடைசியில் என்ன மிச்சம்?

வைட் 1872-ல் இங்கிலாந்தின் ரெடிங் அருகே தன் பண்ணை வீட்டில் காலமானார். அவரது சேகரிப்பு கியூ தாவரவியல் தோட்டத்துக்குப் போனது. அவர் அறிவியலுக்குப் புதிதாக அறிமுகப்படுத்திய தாவர இனங்கள் ஆயிரத்துக்கும் மேல். அறிவியல் முறைப்படி அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இன்றும் வைட் என்ற சொல் ஒட்டிக்கொண்டு வருகிறது.

அரசு அவருக்குச் சம்பளம் கொடுத்து நடத்திய பருத்திச் சோதனை நிற்கவில்லை. பதவி பறிபோன பிறகும் சொந்தக் காசில் அவர் தொடர்ந்த வேலைதான் நின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு செடியை அடையாளம் காண வேண்டியிருந்தால், ஆய்வாளர்கள் இன்றும் ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்த படங்களைப் புரட்டத்தான் செய்கிறார்கள்.