மஹ்பூப் உல் ஹக்கும் நமது வெற்றுக் கட்டமும்

உயர்தர வகுப்பில் இலங்கையின் குடிசன மதிப்பீட்டு ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதினேன். 1971, 1981, அடுத்தது 2001. 1991 எங்கே என்று ஒரு மாணவி கேட்டாள். யுத்தத்தால் அந்த ஆண்டு கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2001 இலும் வடக்கு, கிழக்கின் பல பகுதிகளில் முழுமையாக எண்ண முடியவில்லை. முழு நாட்டையும் மீண்டும் எண்ணி முடித்தது 2012 இல்தான். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கலாநிதி மஹ்பூப் உல் ஹக் நினைவுக்கு வந்தார்.

1934 இல் பிறந்தவர். பிரிவினையில் குடும்பத்தோடு பாகிஸ்தானுக்கு இடம்பெயர்ந்தார். லாகூரிலும் கேம்பிரிட்ஜிலும் யேலிலும் பொருளியல் படித்துவிட்டு வந்து, 1960களில் பாகிஸ்தான் திட்டமிடல் ஆணைக்குழுவின் பிரதம பொருளியலாளரானார். நாட்டின் வளர்ச்சி வீதத்தை உலகமே மெச்சிய காலம் அது. அந்தத் திட்டங்களில் கைவைத்த அவரே 1968 இல், நாட்டின் தொழிற்துறையில் மூன்றில் இரண்டு பங்கு 22 குடும்பங்களின் கையில் இருப்பதாகப் பகிரங்கமாகச் சொன்னார். தான் போட்ட கணக்கின் குறையைத் தானே சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

பிறகு உலக வங்கியில் பன்னிரண்டு ஆண்டுகள். அதன்பின் ஜெனரல் ஸியாவின் அரசில் அமைச்சர். இராணுவ ஆட்சியில் பதவி வகித்ததை நான் மறைக்கப்போவதில்லை.

1989 இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தில் இணைந்தார். தலா வருமானம் மட்டும் ஒரு நாட்டின் முன்னேற்றமாகாது. ஆயுளையும் எழுத்தறிவையும் சேர்த்து ஒரே சுட்டெண்ணாக்க வேண்டும் என்றார். கேம்பிரிட்ஜ் தோழர் அமர்த்தியா சென், இத்தனையையும் ஒற்றை எண்ணில் அடக்குவது முரட்டுத்தனம் என்று தயங்கினார். வருமானமும் ஒற்றை எண்தான், அதை வீழ்த்த இன்னொரு எண் வேண்டும் என்பது ஹக்கின் வாதம். தரவுகளில் ஓட்டைகள் இருந்தன. சில நாடுகளில் கடைசிக் கணக்கெடுப்பே பழையது. மதிப்பீடுகளைக் கொண்டு சமாளிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் காத்திருக்காமல் 1990 இல் 130 நாடுகளுக்கான முதல் அறிக்கையை வெளியிட்டார்.

அதில் நமது நாடு பளிச்சென்று நின்றது. தலா வருமானம் 400 டொலர், ஆயுள் 71 வருடம், எழுத்தறிவு 87 வீதம். 6,200 டொலர் வருமானமுள்ள சவூதி அரேபியாவில் ஆயுள் 64, எழுத்தறிவு 55 வீதம். வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மலரும், என்னுடையதும்தான்.

ஆனால் அதே 1990 ஒக்டோபரில்தான் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். எத்தனை பேர் என்று கேட்டால் இன்றும் ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள். கையில் இருந்த கணக்கு ஒன்பது வருடம் பழையது. அடுத்த கணக்கோ எடுக்கப்படவேயில்லை.

தேசிய சராசரி எதை மூடி வைக்கும் என்பதை ஹக் அறியாதவரல்லர். அவர் பொறுப்பிலிருந்த 1993 அறிக்கை அமெரிக்காவைப் பிரித்துக் காட்டியது. வெள்ளையரைத் தனிநாடாக எடுத்தால் உலகில் முதலிடம், கறுப்பினத்தவரை எடுத்தால் 31 ஆம் இடம். அப்படிப் பிரித்துப் பார்க்க அங்கே இனவாரியாகத் தரவு இருந்தது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த நமது பிள்ளைகளை அப்படிப் பிரித்துப் பார்க்க இங்கே எந்தத் தாள் இருந்தது?

1998 ஜூலையில் நியூயோர்க்கில் அவர் வஃபாத்தானார். வயது 64. வடபுல மக்கள் இடம்பெயர்ந்து அப்போது எட்டாவது வருடம். நாட்டின் கடைசிக் குடிசன மதிப்பீட்டு ஆண்டு அப்போதும் 1981.