அரவிந்தர் தலைமேல் தொங்கிய அப்பீல்

கோர்ட்டு ஒருவரை விடுதலை செய்துவிட்டால் வழக்கு தீர்ந்தது என்று நாம் நினைக்கிறோம். சட்டம் அப்படி இல்லை. சர்க்கார் ஐகோர்ட்டுக்கு அப்பீல் போகலாம். ஐகோர்ட்டு சாட்சியங்களை மறுபடியும் பார்த்து, விடுதலையானவருக்கே தண்டனை விதிக்கலாம். 1872-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம் சர்க்காருக்குத் தந்த உரிமை இது. அதே 1872-ல், ஆகஸ்டு 15-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தவர்தான் அரவிந்த கோஷ்.

சிறு வயதிலேயே இங்கிலாந்து சென்று படித்தார். ஐ.சி.எஸ். பரீட்சையில் தேறினார், குதிரைச் சவாரித் தேர்வுக்கு மட்டும் போகவில்லை. கலெக்டர் உத்தியோகம் கை நழுவியது. பரோடா சமஸ்தானத்தில் 13 ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, வங்காள அரசியலில் குதித்தார்.

1908 ஏப்ரல் 30-ந் தேதி முசாபர்பூரில் வெடித்த குண்டுக்கு இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் பலியானார்கள். மே 2-ந் தேதி அரவிந்தர் கைதானார். அலிப்பூர் சிறையில் ஓராண்டு இருந்தார். சர்க்கார் தரப்பில் வாதாடியவர் சென்னையில் பெயர் பெற்ற பாரிஸ்டர் நார்ட்டன். அரவிந்தருக்காக வாதாடியவர் சித்தரஞ்சன் தாஸ். சாட்சிகள் மட்டும் 200 பேருக்கு மேல். விசாரித்த நீதிபதி பீச்கிராப்டும் அரவிந்தரும் ஒன்றாக ஐ.சி.எஸ். பரீட்சை எழுதியவர்கள். கிரேக்க மொழியில் அரவிந்தருக்கே அதிக மார்க்! 1909 மே 6-ந் தேதி, அந்த நீதிபதியே அரவிந்தரை விடுதலை செய்தார். தம்பி பரீந்திரருக்குத் தூக்கு.

வெளியே வந்தும் நிம்மதி இல்லை. விடுதலையை எதிர்த்து அப்பீல் செய்யலாமா என்று சர்க்கார் யோசித்தது. பரீந்திரரின் அப்பீலில் ஐகோர்ட்டு 1909 நவம்பரில் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. அரவிந்தர் மீது சர்க்கார் கடைசிவரை அப்பீல் செய்யவில்லை.

ஆனால் விட்டுவிடவும் இல்லை. அவர் 'கர்மயோகின்' பத்திரிகையில் எழுதிய கட்டுரைக்காக ராஜத்துரோக வழக்கு வந்தது. அவரோ 1910 ஏப்ரல் 4-ந் தேதி, பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குக் கப்பலில் வந்து சேர்ந்துவிட்டார். அகப்பட்டவர் பாவம், அச்சிட்டவர்! கீழ்க்கோர்ட்டில் அவருக்குத் தண்டனை. அவர் செய்த அப்பீலில், கட்டுரையில் ராஜத்துரோகம் இல்லை என்று கல்கத்தா ஐகோர்ட்டு அந்த நவம்பரில் அவரை விடுதலை செய்தது.

வழக்கு ஒழிந்தது. அரவிந்தர் வங்காளம் திரும்பவில்லை. 1950 டிசம்பர் 5-ந் தேதி காலமாகும் வரை புதுச்சேரியிலேயே இருந்தார்.