மெண்டலின் பட்டாணிக் கணக்கு

தேச சேவையில் ஈடுபட்டோர் சாஸ்திர ஞானிகளின் சரித்திரத்தையும் அறிவது நலம் என்பது நமது அபிப்பிராயம். கிரிகோர் மெண்டலின் வாழ்க்கை அத்தகையது.

1822-ம் வருஷம் ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்த சைலீஷியாவில், ஜமீன்தாருக்கு வாரத்தில் மூன்று நாள் ஊதியமின்றி உழைக்கக் கடமைப்பட்ட குடியானவரின் மகனாய்ப் பிறந்தார். தந்தை மரம் விழுந்து காயமுற்று நலிந்த காலத்தில், தங்கை தன் சீதனத்தில் ஒரு பங்கை ஈந்து தமையனைப் படிக்க வைத்தாள். 1843-ல் அவர் பிரூன் நகரத்து அகஸ்தீன் மடத்தில் சேர்ந்தார். ஆசிரியர் பரீட்சையில் அவர் தேறவேயில்லை. ஆயினும் வியன்னா சர்வகலாசாலையில் கற்ற பௌதிகமும் கணிதமும் வீண்போகவில்லை.

1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் சுமார் 28,000 பட்டாணிச் செடிகளை ஆராய்ந்தார். அவருக்கு முன்னிருந்தோர் கலப்பினங்களைப் பார்த்து வியந்தனர், இவரோ எண்ணினார். இரண்டாந் தலைமுறையின் 8,023 விதைகளில் 6,022 மஞ்சள், 2,001 பச்சை. அதாவது மூன்றுக்கு ஒன்று. 1866-ல் இதை வெளியிட்டார், உலகம் செவிசாய்க்கவில்லை. 1868-ல் மடாதிபதியானார். 1874-ல் சர்க்கார் மடங்களின் மீது விதித்த வரியை அநீதியெனக் கருதி, 1884-ல் மறையும் வரை செலுத்த மறுத்தார். 1900-ல்தான் அவருடைய விதிகள் புத்துயிர் பெற்றன.

1936-ல் ஆங்கிலேயப் புள்ளிவிவர நிபுணர் ஆர். ஏ. ஃபிஷர் அக்கணக்குகளைச் சோதித்தார். ஒரு செடி தூயதா, கலப்பா என்றறிய மெண்டல் அதன் பத்து விதைகளை விதைத்தார். பத்திலும் ஓங்கிய குணமே தோன்றினால் தூயதென்று கொண்டார். ஆனால் கலப்புச் செடியும் 1,000-க்கு 56 தடவை தற்செயலாய் அவ்வாறே தோன்றும். ஆகவே 600 செடிகளில் கலப்பெனக் காணவேண்டியவை 400 அல்ல, சுமார் 378. மெண்டல் எழுதியதோ 399! எல்லாக் கணக்குகளையும் சேர்த்து நோக்கின், எதிர்பார்த்த விகிதத்துடன் இவ்வளவு நெருக்கம் தற்செயலாய் நேர லட்சத்துக்கு ஏழே வாய்ப்பென்றார் ஃபிஷர்.

அவர் மெண்டலைக் குற்றஞ்சாட்டவில்லை. எஜமானரின் கருத்தறிந்த உதவியாளன் திருத்தியிருக்கலாமென ஐயுற்றார். பத்துக்கு மேலும் விதைத்திருக்கலாமென்று வாதிப்போரும் உண்டு. எவ்வாறாயினும், எண்ணற்ற சோதனைகளுக்குப் பின் விதி நிலைத்து நிற்கிறது. ஐயம் அந்த எண்களைப் பற்றியதே.

இதில் நமக்கும் பாடமுண்டு. பஞ்சத்தில் மாண்டோரை எண்ணினாலும், கட்சியில் சேர்ந்தோரை எண்ணினாலும், நியாயமான கட்சிக்கும் பொய்க்கணக்கு துணையாகாது. எதிரியின் கணக்கை எவரும் சோதிப்பர். நமக்கு இன்பமூட்டும் கணக்கையே நாம் முதலில் சோதிக்கவேண்டும்.