தாமஸ் ஹாப்கின்ஸ் காலோடெட்

உலகிற் பெருஞ்செயல் புரிந்தோர் வரலாற்றை ஆராயுங்கால், அச்செயல் ஒருவரால் மட்டும் நிறைவேறியதன்று என்பது புலனாகும். அமெரிக்காவில் காது கேளாச் சிறுவர்க்குக் கல்விக் கதவைத் திறந்த காலோடெட் என்பாரின் வாழ்க்கை இதற்குச் சிறந்த சான்று.

இவர் 1787-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ஆம் நாள் பிலடெல்பியா நகரிற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோருடன் ஹார்ட்போர்டு நகரிற் குடியேறினார். யேல் கலாசாலையில் 1805-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். பின்னர் ஆண்டோவர் நகரில் வேதசாஸ்திரம் பயின்று, 1814-ஆம் ஆண்டில் அதனை முடித்தார். மெலிந்த உடலினர், சபை ஊழியமே தமக்குரியதென எண்ணியிருந்தார்.

அவ்வாண்டில் ஆலிஸ் என்னும் எட்டொன்பது வயதுச் சிறுமியை அவர் கண்டார். அவள் மேசன் காக்ஸ்வெல் என்னும் வைத்தியரின் மகள். குழந்தைப் பருவத்தில் நோயினாற் செவிப்புலன் இழந்தவள். காலோடெட் தம் தொப்பியைக் காட்டி, அதன் பெயரைத் தரையில் எழுதினார் என்றும், எழுத்தையும் பொருளையும் அச்சிறுமி விரைவில் இணைத்தறிந்தாள் என்றும் கூறுவர்.

காக்ஸ்வெல் தம் மகள் ஒருத்திக்கு மட்டும் ஆசிரியரைத் தேடி அமைந்தாரல்லர். அவளைப் போன்றோர் கனெக்டிகட் மாகாணத்தில் எத்துணையர் என்பதைப் போதகர்கள் வாயிலாக ஆராய்ந்தறிந்தார். 1815-ஆம் ஆண்டில் அந்நகரப் பெருமக்கள் அவரது இல்லத்திற் கூடிப் பொருள் திரட்டி, போதனா முறையைக் கற்று வருமாறு காலோடெட்டை ஐரோப்பாவுக்கு அனுப்பினர்.

பிரிட்டனில் அம்முறை பிரெய்ட்வுட் குடும்பத்தாரின் தொழில் இரகசியமாயிருந்தது. நெடுநாள் பணி செய்தலும் இரகசியம் காத்தலும் நிபந்தனைகளாயின. பலர்க்கும் பயன்படவேண்டிய வித்தையைப் பூட்டி வைத்தற்குக் காலோடெட் உடன்படவில்லை. அந்நிலையில், லண்டனுக்கு வந்திருந்த பாரிஸ் பாடசாலைத் தலைவர் சிக்கார் என்னும் குரு அவரைத் தம் பாடசாலைக்கு அழைத்தார். அங்கே யாதொரு மறைவுமின்றி எல்லாம் கற்பிக்கப்பட்டன.

ஆயினும், சில மாதப் பயிற்சி போதாதென்பதைக் காலோடெட் உணர்ந்தார். ஆகவே அப்பாடசாலை ஆசிரியரும், தாமே காது கேளாதவருமாகிய லோரான் கிளேர் என்பவரை உடன் வருமாறு வேண்டினார். 1816-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இருவரும் கப்பலேறினர். 52 நாட் பிரயாணத்தில் கிளேர் சைகை மொழியைக் கற்பித்தார். காலோடெட் ஆங்கிலம் கற்பித்தார். இருவரும் ஆசிரியர், இருவரும் மாணவர்.

கரை சேர்ந்தபின் ஊர்தோறும் சென்று பொருள் வேண்டினர். மக்கள் எழுதிக்கொடுத்த வினாக்களுக்குக் கிளேர் உடனே விடை எழுதினார். காது கேளாதவர் கல்வி பெற இயலாதென்ற ஐயம் அவ்விடைகளைக் கண்டு நீங்கிற்று. கனெக்டிகட் சட்டசபை 5,000 டாலர் அளித்தது. 1817-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15-ஆம் நாள் ஹார்ட்போர்டில் ஏழு மாணாக்கருடன் பாடசாலை தொடங்கிற்று. ஆலிஸ் அவ்வெழுவருள் ஒருத்தி. அமெரிக்காவில் நிலைபெற்ற முதற் காது கேளாதோர் பாடசாலை அதுவே. 1819-ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டுக் காங்கிரஸ் அலபாமாப் பகுதியில் ஏறக்குறைய 23,000 ஏக்கர் நிலம் வழங்கிற்று. அயல் மாகாணங்களும் தத்தம் பிள்ளைகளின் செலவை ஏற்றன. கிளேர் கொணர்ந்த சைகைகளும் மாணாக்கர் தம் இல்லங்களிலிருந்து கொணர்ந்தனவும் கலந்து, அமெரிக்கச் சைகை மொழி வளர்ந்தது.

1821-ஆம் ஆண்டிற் காலோடெட் தம் மாணவியாயிருந்த சோபியா பௌலரை மணந்தார். 1830-ஆம் ஆண்டிற் தலைமைப் பதவியினின்றும் விலகி, சிறுவர்க்கு நூல்கள் இயற்றினார். பின்னர் மனநோயாளர் மருத்துவசாலையிற் சமயப் பணி புரிந்தார். 1851-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10-ஆம் நாள் காலமானார். கிளேர் 1858-ஆம் ஆண்டுவரை ஆசிரியராயிருந்தார். காலோடெட்டின் இளைய புதல்வர் எட்வர்டு, தாய் சோபியாவின் துணையுடன் வாஷிங்டனில் வளர்த்த பாடசாலை 1864-ஆம் ஆண்டிற் பட்டமளிக்கும் உரிமை பெற்றது. இன்று அது தந்தையின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகமாக விளங்குகிறது.

தந்தையின் அன்பு, நகரத்தாரின் பொருள், அரசாங்கத்தின் ஆதரவு ஆகிய யாவும் இப்பணிக்கு வேண்டியிருந்தன. எனினும், எவர்பொருட்டு உழைக்கத் துணிந்தாரோ அவர்களுள் ஒருவரையே ஆசானாகவும் தோழராகவும் ஏற்றமையே காலோடெட்டின் தனிச்சிறப்பு. தொண்டு செய்ய விரும்பும் மாணவர் முதற்கண் கற்கவேண்டியது இப்பணிவேயாம்.