காவிரி காத்த காட்டன் துரை

தஞ்சைத் தரணியில் நன்செய் உடைய குடும்பத்தார் முக்கொம்பு என்னும் இடத்தை நன்கறிவர். ஆங்கே அகண்ட காவிரி இரண்டாகப் பிரிந்து, வடகிளை கொள்ளிடம் எனவும் தென்கிளை காவிரி எனவும் பெயர் பெறுகின்றது. அவ்விடத்து 1836-ஆம் ஆண்டில் மேலணையைக் கட்டுவித்தவர் சர் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலேயராவர்.

இவர் 1803-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே பொறியியற் படையிற் சேர்ந்து, 1821-ல் சென்னை வந்தடைந்தார்.

அக்காலத்துத் தஞ்சை நாட்டிற்கு நேர்ந்திருந்த இடர் யாதெனின், கொள்ளிடம் கடலுக்குக் குறுகிய வழியும் மிக்க சரிவும் உடையது. ஆதலின் வெள்ளம் அதனையே நாடிற்று. காவிரியோ ஆண்டுதோறும் மணலேறி மேடிட்டது. கால்வாய்களில் நீர் குறையக் குறையக் கடைமடையிலுள்ளார் பாடு இரங்கத்தக்கதாயிற்று. காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் அணையிட்டு நீரைக் காவிரிக்குத் திருப்பினார். அவ்வாண்டிலேயே அணைக்கரையில் கீழணையும் எழுந்தது. கொள்ளிடத்தில் எஞ்சிய நீர் அதனால் வீராணம் ஏரிக்கும் தென்னார்க்காட்டு வயல்களுக்கும் பயன்படலாயிற்று.

ஆழ்மணலில் அடித்தளம் நிலைக்கச் செய்யும் வித்தையை இவர் எங்குக் கற்றார்? கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணையை ஆராய்ந்து, அதனைக் கட்டிய நம் முன்னோரிடமே கற்றதாக இவரே எழுதி வைத்துள்ளார். ஆளும் இனத்தாருள் ஒருவர் இங்ஙனம் மறையாது உரைத்தது பெருங்குணமன்றோ!

எனினும் மேலணையால் யாதொரு தீங்கும் விளைந்திலது என்பதற்கில்லை. சில ஆண்டுகளிற் காவிரியில் நீர் அளவிறந்து பாய்ந்து, படுகையையும் கரைகளையும் அரிக்கலாயிற்று. ஆகவே மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, காவிரியின் தலைப்பிலும் 1845-ல் ஒரு தடுப்பணை அமைக்க வேண்டியதாயிற்று. பிழை கண்டவிடத்துத் திருத்துவதற்கு அந்நாளைய பொறியாளர் பின்வாங்கவில்லை.

பின்னர், பஞ்சத்தால் நலிந்திருந்த கோதாவரி நாட்டிற்குச் சென்று, உடல்நலம் குன்றியும் ஓயாதுழைத்து, தவளேசுவரத்தில் 1847 முதல் 1852 வரை பேரணை ஒன்றை எழுப்பினார். 1861-ல் சர் பட்டம் பெற்றார். இருப்புப் பாதைக்குச் செலவிடும் பெரும் பொருளை நீர்ப்பாசனத்திற்கும் நீர்வழிகளுக்கும் செலவிடுதலே இந்நாட்டிற்கு ஏற்றதென்பது இவர் கொள்கை. அது பலர்க்கு உவப்பாயில்லை. 1878-ல் பார்லிமெண்டுக் குழுவின் முன்னர் இவர் கடுமையான வினாக்களுக்கு விடையிறுக்க நேர்ந்தது. முதுமையிலும் அக்கொள்கையை விட்டாரல்லர். 1899-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தம் 96-ஆம் வயதில் இங்கிலாந்தில் உயிர் நீத்தார்.

முக்கொம்பு மேலணையின் மதகுகளுள் 9, 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தில் இடிந்து வீழ்ந்தன. அதன் பின்னர் அங்கே கொள்ளிடத்தின் குறுக்கே புதிய கதவணை கட்டப்பெற்றது.